ஆஸ்பத்திரி வளைவுக்கு எதிரே பன்னிரண்டு எட்டு

நான் செய்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் யாரும் அதுவரை படிப்பதில்லை.

பீர்மேடு பக்கத்து எஸ்டேட் ஒன்றில், ஒரே நீளச் சுவரில் பத்துக் குடும்பம் முதுகு சாய்த்திருந்த லயத்து வீட்டில் பிறந்தவன் நான். படிப்பு நாலாம் வகுப்பு. அந்த நாலு வகுப்பை வைத்துக்கொண்டு இந்த மலை டவுனின் பஜார் ரோட்டில், வண்டி நிறுத்தும் இடத்தை முப்பது வருஷத்துக்கு மேல் ஆண்டேன். ‘ஆண்டேன்’ என்பதைப் ‘பணியாற்றினேன்’ என்று மாற்றலாமே என்று, இப்போது அதே ரோட்டில் சீட்டுக் கொடுக்கிற ஜான்சி சொன்னாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தாறுமாறாகக் கிடந்த ஜீப்புகளை வால் சுவருக்கு, மூக்கு ரோட்டுக்கு என்று நிற்க வைத்தவன் நான். சுண்ணாம்பைக் கரைத்து இந்த ரோட்டில் முதல் கோடு போட்டவன் நான். ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுவந்த வண்டிக்குக் கட்டணம் கிடையாது என்று, எந்தத் தாளிலும் இல்லாத சட்டத்தைப் போட்டவன் நான். மழையில் ரசீது கரையாதிருக்க ஏலக்காய்க் கடையின் பிளாஸ்டிக் கவரை வெட்டி உறை செய்தவனும் நானே. அந்த ரோட்டில் நின்றபடியே மூன்று பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். நாலு சென்ட் வாங்கி வீடு கட்டினேன். அந்த வீட்டின் நாலு சுவரும் எனக்கே சொந்தம்.

இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று உண்டு. அதுதான் ஆஸ்பத்திரி வளைவுக்கு எதிரே, காலால் அளந்தால் பன்னிரண்டு எட்டு வருகிற இடம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பஜார் ரோட்டில் புது விதி வந்தது. வண்டி நிறுத்தக் கட்டம் கட்டமாக வெள்ளைப் பெயின்ட். முதல் பத்து நிமிஷம் இலவசம், அதற்குமேல் நேரத்துக்கு ஏற்றபடி கட்டணம். ஜான்சியும் இன்னொரு பெண்ணும் கையில் மிஷினோடு நின்று, வண்டி நம்பரைப் படம் பிடித்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிச் சந்துக்கு எதிரே மட்டும் மஞ்சள் பட்டை பட்டையாக அடித்து, இங்கே நிறுத்தக் கூடாது என்று பலகை நட்டிருக்கிறார்கள். பலகையின் கீழே, திட்டம் வகுத்தவர் என்று வெளியூர் இன்ஜினியர் ஒருவரின் பெயர். பெயின்ட் காய்ந்த அன்று போய் நடந்து பார்த்தேன். மஞ்சள் பட்டை ஆரம்பிக்கிற இடத்திலிருந்து முடிகிற இடம் வரை என் காலால் பன்னிரண்டு எட்டு. பதினொன்றும் இல்லை, பதிமூன்றும் இல்லை.

நான் அளந்ததை ஜான்சி பார்த்துவிட்டாள். “என்ன தாத்தா, காணாமப் போனதைத் தேடுறீங்களா?” என்றாள்.

“காணாமப் போகலம்மா. யாரோ எடுத்து வச்சிருக்காக” என்றேன்.

அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இப்போது எழுத்தில் வைக்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் பஜார் ரோட்டில் கட்டணம் பிரிக்கிற உரிமையை வருஷத்துக்கு ஒருமுறை லேலம் விடுவார்கள், அதாவது ஏலம். அதை எடுத்தவர் குரியாக்கோஸ் சேட்டன். மலையாளி, மெலிந்த உடம்பு, எப்போதும் கக்கத்தில் குடை. லாரியில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, நீ வண்டிக்காரர்களோடு சண்டை போடாமல் பேசுகிறாய், வா என்று கூப்பிட்டார். வேலை கற்றுக்கொடுத்தது இரண்டே வாரம். அதற்குமேல் அவர் எதையும் இரண்டாம் தரம் சொன்னதில்லை, குரலை உயர்த்தியதுமில்லை. ரோட்டில் இறங்கினால் முதல் காரியமாக வண்டியின் பானட்டில் உள்ளங்கையை வைப்பார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சூடாக இருந்தால் இப்போது வந்தது. வெதுவெதுப்பு என்றால் அரைமணி. சில்லென்று இருந்தால், ‘இதோ இப்பத்தான் வந்தேன்’ என்று டிரைவர் சத்தியம் செய்தாலும் சிரித்துக்கொண்டே ரசீது கிழிக்கச் சொல்லி எனக்குக் கண் காட்டுவார்.

மழை நாளில் பானட் சீக்கிரம் ஆறிவிடும், கை ஏமாற்றிவிடும். அப்போது குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார். மழைக்கு முன்னால் வந்த வண்டி என்றால் அடியில் ரோடு காய்ந்திருக்கும், பாய் விரித்தது போல. மழைக்குப் பின்னால் வந்தது என்றால் நனைந்திருக்கும். “மனுஷன் பொய் பறயும், ரோடு பறயாது” என்பார். அவரிடம் நான் கற்ற பெரிய பாடம் அது. அதே பாடம் ஒருநாள் என் தலையில் வந்து விழும் என்று அப்போது தெரியாது.

நானும் சிலது கண்டுபிடித்தேன். சாக்பீஸால் டயரில் கோடு போட்டால் மழை அழித்துவிடும். அதனால் டயரில் காற்றடிக்கிற மூக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று மனசில் வைத்துக்கொள்வேன். கடிகார முள் போலத்தான். சுற்றி வந்து பார்க்கும்போது மூக்கு அதே இடத்தில் இருந்தால் வண்டி அசையவே இல்லை. எழுத்து அவ்வளவாக வராதவனுக்கு இப்படித்தான் புத்தி வேலை செய்யும். சேட்டன் அதைக் கவனித்தார். மறுநாள் அவரும் டயரைப் பார்த்தார். எனக்கு அது போதும்.

இனி அந்த வளைவு. பஜார் ரோடு இறக்கம். மேல் எஸ்டேட்டுகளிலிருந்து வருகிறவர்கள் இறங்கித்தான் வரவேண்டும். பாதி இறக்கத்தில் இடது கைப்பக்கம் ஒரு சந்து, ஆஸ்பத்திரிக்கு ஏறுகிறது. அந்தச் சந்து நேராகப் பிரியாது. வந்த வழிக்கே திரும்பி ஏறுவது போல மடங்கி ஏறும். சந்து வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது என்று அப்போதே விதி இருந்தது, எவரும் நிறுத்தவும் இல்லை. ஆனாலும் நோயாளி ஜீப்புகள் அங்கே வந்து முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் என்று தடவிக்கொண்டு நிற்கும். எல்லோரும் டிரைவரைத் திட்டினார்கள்.

நான் ஒரு வாரம் நின்று பார்த்தேன். கோளாறு சந்து வாசலில் இல்லை, எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அவ்வளவு மடங்கிய சந்துக்குள் ஜீப் ஒரே வீச்சில் ஏற வேண்டுமானால், முதலில் வலதுபக்கம், அதாவது ஆற்றோரச் சுவர் வரைக்கும், அகலமாகப் போய்த் திரும்ப வேண்டும். அந்தச் சுவரோரத்தில்தான் நாங்கள் வரிசையாக வண்டி நிறுத்திக் காசு வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஜார் காலியாக இருந்தபோது, ஜீப் டிரைவர் முருகேசனை அழைத்துவந்து பத்துத் தரம் திருப்பச் சொன்னேன். அவன் சக்கரம் போன தடத்தில் கல் வைத்துக்கொண்டே போனேன். கல்லிலிருந்து கல்லுக்கு நடந்தேன். பன்னிரண்டு எட்டு.

சேட்டனிடம் போய், எதிர்ப்பக்கத்தில் மூன்று வண்டி இடத்தைச் சும்மா விடவேண்டும் என்றேன். லேலத்துக்குக் காசு கட்டியவரிடம் மூன்று வண்டி இடத்தை விடு என்று கேட்க நெஞ்சில் தைரியம் வேண்டும், எனக்கு இருந்தது. அவர் முருகேசனின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். இறங்கி, “மதி” என்றார். அவர் பாஷையில் போதும் என்று அர்த்தம். அன்றிலிருந்து அந்த இடத்தில் வண்டி நிற்கவில்லை. கோடு இல்லை, பலகை இல்லை. நான் இருந்தேன்.

எத்தனை பேர் கேட்டார்கள்? மாட்டுப்பட்டிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே வந்து நுழைகிற டூரிஸ்ட் வேன்கள், இருமடங்கு தருகிறேன் என்ற துணிக்கடைக்காரர், கொடி கட்டிய கார்கள். ஒருவரையும் விடவில்லை. ‘சவரிமுத்துவின் நிலம், பட்டா வாங்கிவிட்டான்’ என்று பஜாரில் கேலி பேசுவார்கள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. மெய்யாகவே என் நிலம் போலத்தான் பார்த்துக்கொண்டேன். தவறு அங்கேதான் ஆரம்பித்தது.

என் தம்பி அந்தோணிதாஸின் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மலைக்குக் கீழே போடிப் பக்கம், எங்களைப் போலவே கிறிஸ்தவர்கள். கோயிலில் பதினொரு மணிக்குப் பூசை. ஆஸ்பத்திரிச் சந்து முனையில் இருக்கிற மாடியில் பெண்ணுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கார், முன்னாலும் பின்னாலும் பூச்சரம் கட்டி, கீழே இருந்து ஏறி வந்தது. பஜாரில் எள் போட இடமில்லை. சந்தை நாள். தம்பி என்னைப் பார்த்தான். கடைக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அல்லது பார்ப்பதாக நான் நினைத்தேன். யாருக்கும் கிடைக்காத இடம் என் தம்பி மகளுக்குக் கிடைக்கும் என்று நாலு பேர் காணட்டும் என்று தோன்றியது. கையைக் காட்டினேன். கார் பன்னிரண்டு எட்டுக்குள் நுழைந்தது.

அதிலும் ஒரு தவறு. என் ரோட்டில் வால் சுவருக்கு, மூக்கு ரோட்டுக்கு. கீழ்நாட்டு டிரைவருக்கு அது தெரியாது. நேராக நுழைந்து மூக்கைச் சுவரில் இடித்த மாதிரி நிறுத்திவிட்டான். பெண் வருவதற்குள் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பூக்கட்டிய அந்தக் காரின் பக்கத்தில் நின்று, வருகிறவர் போகிறவரிடம் யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மழை பிடித்தது. எங்கள் மலை மழை முன்னறிவிப்புக் கொடுக்காது. பட்டுச் சேலை நனைந்துவிடும் என்று மாப்பிள்ளையின் அத்தை பதறி, அலங்காரம் முடிந்த பெண்ணைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு வந்து, நேராகக் காரில் ஏற்றித் தானும் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். நான் ஓடிப்போய், வண்டியைத் திருப்ப வேண்டும், ஒரு நிமிஷம் இறங்குங்கள் என்றேன். அத்தை கண்ணாடியை நாலு விரல் இறக்கினார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெண் ஏறி உட்கார்ந்த கல்யாண வண்டி பின்னால் போகக் கூடாது. கோயில் வாசல் வரைக்கும் முன்னால்தான் போகவேண்டும். பின்னால் போனால் அந்தப் பெண் வாழாமல் திரும்பி வருவாள் என்பார்கள். சாமியார் இதை மூடநம்பிக்கை என்று பிரசங்கமே வைத்திருக்கிறார். நாங்களும் ஆமென் என்று சொல்லிவிட்டு, வண்டியை முன்னால் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தோம்.

“எங்க குடியில பொண்ணு ஏறுன வண்டி ஒரு சாண் பின்னால போனதில்ல. ஏறுன பொண்ண மழையில இறக்கவும் மாட்டேன். மழை விடட்டும்” என்றார் அத்தை. சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். மூக்கு சுவரில் இருக்கிறது, பின்னால் எடுக்காமல் அந்தக் கார் எங்கேயும் போக முடியாது. பூசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மழை விட்டால் பெண்ணை இறக்கித் திருப்பிக்கொள்ளலாம் என்று தம்பி சமாதானம் சொன்னான். அப்படியே அரைமணி போயிற்று.

அப்போது மேலே இருந்து ஹாரன் கேட்டது. விட்டுவிட்டு அடிக்கிற ஹாரன் அல்ல, கையை எடுக்காத ஹாரன். முருகேசனின் ஜீப். கண்ணாடியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. எங்கள் எஸ்டேட்டுகளில் அது நோயாளி வண்டிக்கு அடையாளம். நான் விசில் ஊதி வண்டிகளை ஒதுக்கி வழி விட்டேன். ஜீப் இறங்கி வந்து, வழக்கம்போல வலதுபக்கம் அகலமாகப் போக ஸ்டியரிங்கை ஒடித்து, பூக்காரைப் பார்த்து அப்படியே நின்றது. முருகேசன் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

இடதுபக்கம் ஒடித்துப் பார்த்தான். சக்கரம் சந்து முனைச் சாக்கடை விளிம்பில் ஏறி வழுக்கியது. பின்னால் எடுக்கலாம் என்றால், அதற்குள் ஒரு பஸ் வந்து ஜீப்பின் முதுகில் ஒட்டி நின்றுவிட்டது, பஸ்ஸுக்குப் பின்னால் சந்தை நாள் முழுவதும்.

ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தேன். கொழுந்து பறிக்கிற எஸ்தர். மலைக்குளவிக் கூட்டைக் கை பட்டுக் கலைத்துவிட்டாள். முகம் முகமாக இல்லை. இரண்டு கண்ணும் மூடி வீங்கி, உதடு தடித்து, கழுத்து தாடையோடு சேர்ந்துவிட்டது. இரண்டு பெண்கள் இருபக்கமும் நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள். அவள் மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்தது. நான் ஊதுகிற விசில் மாதிரியேதான்.

“தூக்கிட்டுப் போயிரலாம் முருகேசா” என்றேன்.

“படுக்க வச்சா மூச்சு நிக்குதுண்ணே. வழியில ஒரு தடவ பாத்துட்டோம். இந்த ஏத்தத்துல, இந்த வழுக்கல்ல உக்கார வச்சு எப்படித் தூக்குவீக? வண்டிதான் ஏறணும்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “நீங்கதானண்ணே கல்லு வச்சு அளந்தீக.”

ஓர் ஆளை ஆஸ்பத்திரிக்கு ஓடவிட்டேன், நர்ஸ் மருந்தோடு இறங்கி வரட்டும் என்று. அந்த ஏற்றத்தில் போய் வர எத்தனை நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். பூக்காரின் கண்ணாடியைத் தட்டினேன். அத்தை இறக்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன். இறக்கினார்.

“உசுரு போகுதும்மா. காரைப் பின்னால எடுக்கணும்.”

“நல்ல காரியத்துக்குப் புறப்பட்ட வண்டி. அந்த ஜீப்பத் தள்ளச் சொல்லுங்க.”

டிரைவர் சாவியில் கை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான். தம்பி என் தோளைப் பிடித்து இழுத்தான். மழையா கண்ணீரா தெரியவில்லை, முகமெல்லாம் தண்ணீர். “அண்ணே, வேற என்னமும் பண்ணுங்க. பின்னால எடுத்தா இந்தச் சம்பந்தம் இங்கனயே அந்துரும். நாளைக்கு அவளுக்குத் தலவலி வந்தாக்கூட இதத்தான் சொல்லுவாக.” அவன் சொன்னதில் பொய் இல்லை. அப்படிச் சொல்கிற வீடுகள் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் என் தம்பியின் கை. இன்னொரு பக்கம் எஸ்தரின் விசில். சத்தம் இப்போது இடைவெளி விட்டு வந்தது. நடுரோட்டில் நின்று பஸ்ஸையே நிறுத்துகிற எனக்கு ஒரு பூக்காரை நகர்த்த வழி தெரியவில்லை.

காரின் மறுபக்கக் கதவு திறந்தது. ஜெசிந்தா இறங்கினாள். குடை இல்லை. சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, தலையில் இருந்த வலையும் பூவும் நனைய, காரைச் சுற்றி வந்து என் எதிரில் நின்றாள்.

“நான் இறங்கிட்டேன் பெரியப்பா. இப்ப இது வெறும் வண்டி. எடுக்கச் சொல்லுங்க.”

உள்ளே இருந்து அத்தை ஏதோ சொன்னார். ஜெசிந்தா திரும்பிப் பார்த்து, “நீங்களும் இறங்குங்க அத்தை, நனைஞ்சா காஞ்சிரும்” என்றாள். அதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அத்தை இறங்கினாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. பின்பக்கம் ஓடி டிக்கியில் தட்டி, வா வா வா என்று காரை இறக்கப் பக்கமாகப் பின்னால் வாங்கினேன். முருகேசன் காத்திருக்கவில்லை. ஜீப் வலதுபக்கம் சுவர் வரைக்கும் பாய்ந்து, பன்னிரண்டு எட்டையும் தின்று, ஒரே வீச்சில் மடங்கிச் சந்துக்குள் ஏறியது. கல் வைத்த தடத்திலிருந்து ஒரு விரல் பிசகவில்லை.

மருந்து ஏறிய பிறகு டாக்டர் சொன்னதாக முருகேசன் வந்து சொன்னான்: இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டை முழுக்க அடைத்திருக்கும். எஸ்தர் பிழைத்தாள். அவள் பெயரை எழுதலாமா என்று போன வாரம் கேட்கப் போனேன். “எழுதுங்க. எத்தன நேரம் காக்க வச்சீகன்னும் எழுதுங்க” என்றாள். நிமிஷம் எண்ணவில்லை, அவள் மூச்சில் இடைவெளி விழும் வரை காக்க வைத்தேன். எழுதிவிட்டேன்.

ஜெசிந்தா நனைந்த சேலையோடுதான் கோயிலுக்குப் போனாள். அந்த அத்தை இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. பெண் திரும்பி வரவில்லை, நல்லபடியாக வாழ்கிறாள்.

ஆனால் அன்றைக்கு ஜீப் சந்துக்குள் மறைந்து, பூக்காரும் கோயிலுக்குப் போன பிறகு நடந்ததுதான் என் கணக்கில் பெரிது. திரும்பிப் பார்த்தால் குரியாக்கோஸ் சேட்டன் குடையோடு பன்னிரண்டு எட்டின் நடுவில் நிற்கிறார். ஊரெல்லாம் நனைந்த ரோட்டில் அவர் காலடியில் மட்டும் ஒரு காய்ந்த சதுரம், ஓரங்களில் ஜீப் டயரின் ஈரத் தடத்தோடு. கார் நின்ற இடம். மழை அதற்குள் தூறலாகியிருந்தது, அது அந்தச் சதுரத்தைப் புள்ளி புள்ளியாக அழித்துக்கொண்டிருந்தது.

“இது யாருடெ வண்டி?”

“என் தம்பி மக கல்யாண வண்டி, சேட்டா.”

“மழைக்கு முன்னே வந்தது.”

“ஆமா.”

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். சந்தை நாள், டிரைவர் புதுசு, அத்தை பிடிவாதம். அவர் எல்லாவற்றையும் கேட்டார். குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு, “எழுது” என்றார்.

ரசீதுப் புத்தகத்தை எடுத்து அந்தக் காரின் நம்பரையும், வந்த நேரத்தையும், போன நேரத்தையும் நானே எழுதினேன். நேரத்தை ஐந்து நிமிஷம் குறைத்து எழுதக் கை போனது. அவர் காய்ந்த சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகவே எழுதினேன். கட்டணத்தை என் சட்டைப் பையிலிருந்து கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். ரசீதை வாங்கித் திருப்பி, குடைக் கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்பக்கம் மலையாளத்தில் நாலு வரி எழுதி என்னிடம் தந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வை என்றார். வேலையிலிருந்து நிறுத்துவார் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவர் வழக்கம்போல வந்து, முதல் வண்டியின் பானட்டில் உள்ளங்கையை வைத்தார். அவ்வளவுதான்.

எனக்கு மலையாளம் பேசவரும், படிக்க வராது. நம்பரை மட்டும் படிப்பேன். அந்த நாலு வரியை யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. திட்டித்தான் எழுதியிருப்பார், என் மகள்கள் வாயால் அதைக் கேட்கக் கூடாது என்று பைபிளுக்குள் வைத்துவிட்டேன். சேட்டன் இறந்த பிறகும் எடுக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை பன்னிரண்டு எட்டில் ஒரு சைக்கிள் கூட நின்றதில்லை. என் மூன்று மகள்களின் கல்யாணக் கார்களும் மேட்டுக்கு அப்பால்தான் நின்றன, மூக்கு ரோட்டுக்கு.

ஜான்சி இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, சொன்னால் யார் நம்புவார்கள் தாத்தா, இன்ஜினியர் படம் வரைந்து கொடுத்திருக்கிறார், உங்களிடம் தாள் ஏதாவது உண்டா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என் முப்பது வருஷத்துக்குத் தாள் கிடையாது. லேலக்காரர் ஆளுக்கு நியமன உத்தரவு யார் கொடுப்பார்? நான் வைத்த விதிக்கும் தாள் கிடையாது. விதியைக் காத்த நாளில் எல்லாம் அங்கே வண்டி நிற்கவில்லை. வண்டி நிற்காத இடத்துக்கு ரசீதும் கிடையாது. மீறிய ஒரு நாளுக்குத்தான் ரசீது இருக்கிறது.

பைபிளிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறை மஞ்சளித்திருந்தாலும் எழுத்து கலையவில்லை, என் உறை அப்படிப்பட்டது. ஜான்சிக்கு மலையாளம் தெரியும். ஒருமுறை மனசுக்குள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

“வளைவுக்கு எதிரே உள்ள பன்னிரண்டு எட்டு இடத்தைக் கண்டுபிடித்தவன் சவரிமுத்து. இங்கே எவருடைய வண்டியும் நிற்கக் கூடாது. இன்று அவனே நிறுத்தினான். இனி நிறுத்த மாட்டான்.”

அடியில் கையெழுத்தும் தேதியும். எதையும் இரண்டாம் தரம் சொல்லாத மனிதர், அந்த ஒரு தரத்தை எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆகவே பஞ்சாயத்துக்காரர்களிடமும் வியாபாரிகளிடமும் கேட்கிறேன், வேண்டிக்கொள்ளவில்லை, கேட்கிறேன். இன்ஜினியரின் பெயரை அழிக்க வேண்டாம். அவர் பெயின்ட் அடித்தார், பலகை நட்டார், அது அவருடைய பங்கு. அதற்கு மேலே என் பெயரைப் போடுங்கள். எஸ்டேட் லயத்தில் பிறந்த, நாலாம் வகுப்புப் படித்த சவரிமுத்து கண்டுபிடித்த இடம் என்று போடுங்கள். ரசீதை ஜான்சியிடம் கொடுத்திருக்கிறேன், பார்க்க வேண்டியவர்கள் பார்க்கலாம். முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாமே என்று என் மூத்த மகள் சொல்கிறாள். கூடாது. சேட்டன் எழுதிய நாலு வரியையும் பலகையில் போடுங்கள். இடமில்லை என்று சொல்லாதீர்கள். பன்னிரண்டு எட்டு இடம் காலியாகத்தான் இருக்கிறது.